பதினொரு கேள்விகள்

தட்டச்சு அறைக்குள் ரெத்னோவாத்தி நுழைந்தபோது, கணினித் திரையில் பச்சை எழுத்தில் ஒரு கேள்வி நின்றுகொண்டிருந்தது. "இந்தக் கடிதத்தைச் சேமிக்கலாமா? ஆம் / இல்லை." திங்கட்கிழமை காலையிலிருந்து அப்படியே நிற்கிறதாம். இன்று புதன்.

கணினியைத் தொட்டே பார்க்காதவர்களும் கடிதம் எழுதவேண்டும் என்று எட்டு மாதம் உட்கார்ந்து அவள் எழுதிய நிரல் அது. ஜோக்ஜா நகரிலிருந்து பேருந்தில் இந்த மாவட்ட அலுவலகத்துக்கு வருவது மூன்றாவது முறை. இடுப்பு விட்டுப் போயிருந்தது. தட்டச்சர் சுகேசி யார் துணையும் இல்லாமல் ஒரு கடிதத்தை முடித்துக் காட்டாவிட்டால், இன்று மாலையே கணினிப் பெட்டியைக் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவதாக மேலாளர் ஹர்ஜோனோ சொல்லியிருந்தார். எட்டு மாத உழைப்பும் அதோடு போய்விடும்.

"ரெண்டு நாளா இப்படியேவா இருக்கு, இபு?" அங்கே மூத்த பெண்களை 'இபு' என்றும் ஆண்களை 'பாப்பாக்' என்றும் மரியாதையாக அழைப்பார்கள்.

"நான் தொடவே இல்ல தங்கச்சி. மின்விசிறியைக்கூட இந்தப் பக்கம் திருப்பல" என்றாள் சுகேசி.

"ஆம்னு ஒரு பொத்தானை அமுக்கினா போதுமே!"

"அமுக்க நான் யாரு? சேமிக்கலாமா வேண்டாமான்னு பாப்பாக் ஹர்ஜோனோ இல்ல சொல்லணும்? அவர் பயிற்சிக்கு செமாராங் போயிருக்கார், மத்தியானம்தான் வரார். இருபத்திரண்டு வருஷமா அவர் பார்த்துச் சுருக்கொப்பம் போட்டாத்தான் எதுவும் கோப்புக்குப் போகும்."

மூலையில் பழைய தட்டச்சுப் பொறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இன்னொரு தட்டச்சர் துகிமான் தலையைத் தூக்கினார். "கோவிச்சுக்காதீங்கம்மா. பெட்டி கேட்டதை இவங்க அப்படியே தட்டச்சு பண்ணி, அவர் மேசையில வச்சிருக்காங்க. ரெண்டு நகலோட!"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள். மேலாளர் மேசையில் சிவப்பு உறைக்குள் அலுவலகத் தாளில் அந்தக் கேள்வி இருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

ரெத்னோவுக்குச் சிரிப்பு வரவில்லை. புதியவர்கள் தெரியாமல் எதையாவது தொலைத்துவிடக் கூடாதே என்று இப்படிப் பதினொரு கேள்விகளை வைத்திருந்தாள். நிரலிலேயே அவளுக்குப் பெருமையான பகுதி அதுதான். உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கினாள். எழுதுகிற ஒவ்வொரு வரியும் தானாகவே சேமிப்பாகும். அழித்தது தனியே ஒதுங்கும், வேண்டுமென்றால் திரும்ப வரும். எடுத்து முடிக்கும்போது நண்பகல் தொழுகைக்கு அழைப்பு கேட்டது. மூடிபோட்ட கண்ணாடிக் கோப்பையில் தேநீர் ஆறிக் கிடந்தது.

பிறகு சுகேசி உட்கார்ந்தாள். ஒரு கூட்ட அழைப்பை அடித்தாள். ஒரு வரி தப்பியது, அழித்தாள், திரையைப் பார்த்துக் காத்திருந்தாள். அது ஒன்றும் கேட்கவில்லை. தாள் வெளியே வந்தது.

"அவ்வளவுதானா? யாரையும் கேட்க வேண்டாமா?"

"வேண்டாம் இபு."

இரண்டு மணிக்குப் பயணப் பையோடு ஹர்ஜோனோ வந்தார். கூட்ட அழைப்பைப் படித்துச் சுருக்கொப்பம் போட்டார். அடுத்து சிவப்பு உறையைத் திறந்தவர், முகம் மலர்ந்து, "சம்மதம்" என்று எழுதி நிறுத்தி நிதானமாகக் கையெழுத்திட்டார்.

"பெட்டி முறையாக் கேட்டிருக்கே! எங்க, திரையில காட்டுங்க."

"அதை எடுத்துட்டேன், பாப்பாக்."

மலர்ந்த முகம் சுருங்கியது. "அப்ப இது யாரையும் கேட்காம தன் இஷ்டத்துக்கு நடக்குமா? அப்படி ஒண்ணை இந்த அலுவலகத்துல எப்படி வச்சுக்கிறது?"

ரெத்னோ விளக்க வாயெடுத்தாள். அதற்குள் சுகேசி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "கேட்கும் பாப்பாக். தினம் காலையில ஒரு தடவை கேட்கும். இல்லையா தங்கச்சி?"

கடைசிப் பேருந்து நான்கு மணிக்கு. ரெத்னோ மறுபடியும் உட்கார்ந்தாள். கால்மணி நேரத்தில் திரையில் வந்தது: "வணக்கம், பாப்பாக். இன்றைய வேலையைத் தொடங்கலாமா? ஆம் / இல்லை."

ஹர்ஜோனோ குனிந்து ஒற்றை விரலால் 'ஆம்' அமுக்கினார். திரை திறந்தது. "சரி, இருக்கட்டும்" என்று சொல்லித் தன் அறைக்குப் போனார்.

ரெத்னோ பையை மாட்டிக்கொண்டபோது சுகேசி அருகில் வந்து கிசுகிசுத்தாள். "அவர் ஊர்ல இல்லாத அன்னிக்கு?"

"எதை அமுக்கினாலும் திறக்கும் இபு. 'இல்லை'ன்னு அமுக்கினாலும் திறக்கும்."

 சுகேசி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பழைய தட்டச்சுப் பொறியில் சொருகினாள்.

"எதுக்கும் அடுத்த வாரத்துக்கும் சேர்த்து இப்பவே சம்மதம் எழுதி வாங்கி வச்சுடறேன்."