வெறும் மணிக் குழாய்

ஆட்டு மூளையை அரைக்கிற நாற்றம் இருக்கிறதே, அது சோப்புக்கும் போகாது, சென்ட்டுக்கும் போகாது. விடிந்ததும் கிள்ளான் பாசாரில் ஐஸ் போட்டு வாங்கி வந்த மூளைகளை, பிரிக்பீல்ட்ஸ் ஆய்வுக்கூடத்தில் அடித்துக் கூழாக்குவது விசாலத்தின் வேலை. செட்டியார் வீட்டுப் பெண். மூளை வறுவலைச் சோற்றில் பிசைந்து தின்று வளர்ந்தவள். இந்த வேலைக்கு வந்த பிறகு, மாமியார் அதைச் சட்டியில் போட்டாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள்.

அந்த நாற்றமே தேவலை என்று ஆகிவிட்டது, முதலாளி டாக்டர் சோமசுந்தரம் செய்த காரியத்தைப் பார்த்த பிறகு.

காக்காய் வலிப்புக்கு ஒரு காட்டு வேரிலிருந்து மருந்து எடுத்துவிட்டதாக அந்த மனிதர் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற பவுனம்மாளுக்குத் தனலெட்சுமி என்று ஒரு மகள். பள்ளிக்கூடத்திலேயே வெட்டி வெட்டி இழுத்து, நாக்கைக் கடித்துக்கொள்கிற பிள்ளை. மருந்து தயாரானதும் முதல் டப்பா அவளுக்குத்தான் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

வலிப்பை அடக்குகிற புரதம் ஒன்று மூளைச் செல்லின் சவ்வில், கொழுப்புக்குள் புதைந்து கிடக்கிறது. மருந்து அதைப் பிடிக்கிறது என்று விசாலம் காட்ட வேண்டும். மருந்தைச் சின்னச் சின்ன மணிகளில் கோத்து, கண்ணாடிக் குழாயில் அடைத்து, சவ்வைச் சோப்பு மாதிரி ஒரு திரவத்தில் கரைத்து மேலே ஊற்றினாள். மருந்தோடு சேருகிற புரதம் மட்டும் ஒட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். ஒட்டியதைக் கழற்றிச் சாயம் ஏற்றிப் பார்த்தால் நீலக் கோடு, அவ்வளவு அழகாக வந்தது. முதலாளி குழாய்க்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார்.

விசாலத்துக்குத்தான் மனசு கேட்கவில்லை. மருந்தே கோக்காத வெறும் மணியை இன்னொரு குழாயில் அடைத்து, அதே சவ்வுக் கரைசலை ஊற்றிப் பார்த்தாள். அதே இடத்தில் அதே தடிமனில் அதே கோடு. அப்படியானால் புரதம் ஒட்டியது மணியில்தான். அந்த வேர் எதையாவது பிடித்தது என்று சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை.

இரண்டு குழாய்களின் கோடுகளையும் படமெடுத்துக் கொண்டுபோய் முதலாளியிடம் காட்டினாள். அவர் கத்தரிக்கோலை எடுத்து, வெறும் குழாயின் கோட்டை மட்டும் நறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். முகத்தில் ஒரு சுருக்கம் வரவேண்டுமே, ஊகூம்.

"இது யாருக்கும் தேவையில்லலா, விசாலம். மருந்துக்குப் பணம் போடுற ஜப்பான்காரன் அடுத்த வாரம் வர்றான். கட்டுரையில ஒன் பேரத்தான் மொதல்ல போடப்போறேன்."

சீ! படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். சூடம் காட்டிய அதே கைதானே இது? அந்த அறையின் காற்றை மூச்சுக்குள் இழுக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. என் பேரும் வேண்டாம், உங்கள் கட்டுரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவர் சிரித்தார். டீ குடித்துவிட்டு ஆற அமரப் பேசலாம் என்றார்.

விசாலம் நேரே பவுனம்மாளிடம் போனாள். டாக்டர் அந்த மருந்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள் அக்கா, ஆஸ்பத்திரி மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றாள்.

பவுனம்மாள் கழுவிக்கொண்டிருந்த குடுவையைக் கீழே வைத்தாள். போன வாரமே கொடுத்துவிட்டாராம். இரண்டும் சேரக்கூடாது என்று ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தச் சொன்னாராம். நேற்றிலிருந்து பிள்ளை விழுந்து விழுந்து எழுகிறாளாம். கேட்டதற்கு, மருந்து வேலை செய்கிற அடையாளம் அது என்றாராம்.

அடப் பாவி! விசாலம் கையுறையைக் கழற்றி எறிந்து, பவுனம்மாளைக் காரில் ஏற்றிக்கொண்டு போர்ட் கிள்ளானில் இருக்கிற அவள் வீட்டுக்கு விரட்டினாள். பிள்ளையை அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், வேறு எதுவும் தோன்றவில்லை. பாதி வழியில் ஆத்திரம் தாங்காமல் கத்திவிட்டாள். தினமும் பக்கத்தில்தானே நிற்கிறேன், கொடுப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

பவுனம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"டாக்டரு குடுத்தப்ப எனக்கு பயமாத்தான் இருந்துச்சு, மிஸ். விசாலம் செஞ்சு பாத்த மருந்துன்னு சொன்னாரு. அதுக்கப்புறம்தான் பிள்ளைக்குக் குடுத்தேன்."