வைப்பை உடைக்க வந்தவர்கள்

சுபஹுத் தொழுகை முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த அலியார் ஹாஜியாரை மீன் சந்தை மதிலடியில் மறித்தார்கள். தலைக்கவசம் போட்ட மூன்று பேர், கையில் இரும்புக் குழாய்கள். முதல் அடி முதுகில் விழுந்தது. அடுத்ததை வலக்கையால் தடுத்தார். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. விழுந்தவரை விலாவில் உதைத்தார்கள். வாயில் மண்ணும் இரத்தமும் கலந்தன.

“தலையில போடாதே,” என்றான் ஒருவன். “ஆஸ்பத்திரியில படுத்தாப் போதும்.”

அந்தக் குரலுக்குரியவன் அவர் தோளில் ஏறித் திரிந்து வளர்ந்தவன். அவருடைய தம்பி ஜவாஹிரின் மகன் நிப்றாஸ். அவர் தவிசாளராக இருக்கும் பிரதேச சபைக்கு உப தவிசாளரும் அவன்தான்.

ஏன் அடித்தான் என்று அவர் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. அன்று காலை சபையின் வரவுசெலவுப் பாதீட்டு வாக்கெடுப்பு. சந்தைக் குத்தகையிலும் கடை வாடகையிலும் மிஞ்சிய பணம் சபையின் பெயரில் வங்கியில் வைப்பாகக் கிடந்தது. போன பெருவெள்ளத்தின்போது அப்படி ஒன்றும் இருக்கவில்லை. முகத்துவாரத்து மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட ஒரு பெக்கோ இயந்திரம் தேவைப்பட்டது. அதற்கு டீசல் அடிக்கச் சபையிடம் வழியில்லை. கொழும்புக் காசு வந்து சேர்வதற்குள் தண்ணீர் தானாகவே வடிந்து, ஊர் வெள்ளத்தில் செத்தவர்களின் மையத்துகளை அடக்கி முடித்திருந்தது. அதற்குப் பிறகு சேர்ந்த அந்த மிச்சத்தில் எவரையும் கைவைக்க அலியார் விட்டதில்லை.

வைப்பை உடைத்து உள்வீதிகளுக்குக் கொங்கிறீட் போட வேண்டும் என்று நிப்றாஸ் பிரேரணை கொண்டுவந்திருந்தான். “காசைப் பூட்டி வச்சிருக்கிற சபைக்கு மாகாணம் என்னத்துக்கு இன்னும் காசு தரப்போகுது?” என்று அவன் கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அவனுடைய மச்சானிடம் கொங்கிறீட் லொறிகளும் இருந்தன. உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். சமன் வந்தால் தலைமை தாங்குபவரின் மேலதிக வாக்கே முடிவு. தவிசாளர் வராவிட்டால் அந்தக் கதிரை உப தவிசாளருக்கு.

அடித்தவர்கள் போன பிறகு, சத்தம் கேட்டு ஓடிவந்த மகன் ரிஷாத் அவரைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினான்.

“ஆஸ்பத்திரிக்கு விடுறன், வாப்பா.”

“சபைக்கு விடு.”

“கை தொங்குது வாப்பா.”

“நாக்குத் தொங்கல்லையே. விடு.”

சால்வையால் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கூட்ட நேரம்வரை ஓட்டோவிலேயே காத்திருந்து அவர் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, நிப்றாஸ் தவிசாளர் கதிரையில் அமர்ந்து ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அலியார் அவன் எதிரே போய் நின்றார். மண்டபம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவன் எழும்பினான்.

“விழுந்திட்டீங்களோ, பெரிய வாப்பா? வயசு போனா ஊட்டில இருந்து தஸ்பீஹ் மணி உருட்டணும்.”

பார்வையாளர் வரிசையிலிருந்து ரிஷாத் பாய்ந்தான். முதல் குத்திலேயே நிப்றாசின் மூக்கு உடைந்து வெள்ளைச் சட்டை சிவந்தது. இரு தரப்பு உறுப்பினர்களும் கைகலக்க, மேசை கவிழ்ந்தது. கண்ணாடிக் குவளை நொறுங்கிய இடத்தில் ஒருவன் தலையை இன்னொருவன் பிடித்து அழுத்தினான். விலக்கப் போன கிளிவெட்டி வட்டார உறுப்பினர் தர்மசீலனின் நெற்றியைப் பறந்துவந்த கதிரை ஒன்று கிழித்தது. தரையில் கிடந்த நிப்றாஸ் இரத்தப் பல்லோடு சிரித்தான்.

“சபை குழம்பிட்டு. கூட்டத்தை ஒத்திவைக்கணும்.”

அப்போதுதான் அலியாருக்கு விளங்கியது. கூட்டம் கலைந்தால், அடுத்த கூட்டத்துக்கு அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பார். அவர் குறுக்கே போய், மகனின் கன்னத்தில் இடக்கையால் ஓங்கி அறைந்தார். மீண்டும் அறைந்தார். ரிஷாத்தின் உதடு வெடித்தது. அவன் கை தானாகக் கீழே விழுந்தது.

“சபையில முதல்ல கை நீட்டினவன் என்ட மகன்,” என்றார் வாசலில் நின்ற பொலிஸ் சார்ஜன்டிடம். “வெளியே கொண்டு போங்க. மற்ற எல்லாரும் இருங்க. கூட்டம் நடக்குது.”

தர்மசீலன் கைலேஞ்சியால் நெற்றியை அழுத்தியபடி இருந்தார். “ஹாஜியார், நிண்டா மயங்கிருவீங்கள். கதிரையில இருந்துகொண்டு நடத்துங்கோ.”

“இருந்தா எழும்ப ஏலாது தம்பி.”

நின்றபடியே வாக்கெடுத்தார். செயலாளர் எண்ணிச் சொன்னார்: சமன். அலியார் தம் மேலதிக வாக்கைப் பிரேரணைக்கு எதிராகச் சொன்னார். வைப்பு வைப்பாகவே இருக்கும் என்று பதியச் சொன்னார். பிறகுதான் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

வாசலில் ஜவாஹிர் காத்து நின்றார். பக்கத்தில் சார்ஜன்ட் பேனையைத் திறந்து வைத்திருந்தார்.

“ஆர் ஹாஜியார் கையை உடைச்சது?”

“காக்கா,” என்று அண்ணனை மெதுவாக அழைத்தார் ஜவாஹிர். “அவன் நம்மட ஊட்டுப் பொடியன். விழுந்ததெண்டு சொல்லுங்க. வாப்பா பள்ளிவாசல் மரைக்காரா இருந்த குடும்பம். ஊர் சிரிக்கும்.”

“வாப்பா பள்ளிக் காசுக்குக் காவல் இருந்தவர். அவர்ட பேரனுக்குச் சபைக் காசுல கண்.” அலியார் சார்ஜன்டின் பக்கம் திரும்பினார். “எழுதுங்க. நிப்றாஸ், ஜவாஹிர்ட மகன். குரலை நான் கேட்டனான். கீழே என்ட மகனையும் எழுதுங்க. சபையில அடிச்சதுக்கு.”

ஜவாஹிரின் கை எழும்பியது. அறை காதோடு விழுந்தது. அலியாரின் தொப்பி கழன்று புழுதியில் உருண்டது. முறிந்த கை சுவரில் மோத, அவர் முழங்காலில் விழுந்தார். சார்ஜன்ட் ஜவாஹிரின் பிடரியைப் பிடித்துச் சுவரோடு சாத்தினார்.

“இதையும் எழுதுறன் ஹாஜியார்.”

அலியார் மூச்சுப் பிடித்து எழும்பினார். தொப்பியை எடுத்துத் தட்டித் தலையில் வைத்தார்.

“இது வேணாம்,” என்றார். “இது எங்கட குடும்ப விஷயம். தம்பியை விடுங்க.”