கூட்டிச் சொன்ன இரண்டு மணி நேரம்

என் வீட்டுக்காரர் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடையில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். பயணம் போகிறவர்களிடம் சரியான நேரத்தைச் சொல்வார். வீட்டில் காத்திருப்பவர்களிடம் மட்டும் இரண்டு மணி நேரம் கூட்டிச் சொல்வார். இல்லாவிட்டால், விமானம் கொஞ்சம் தாமதமானாலும் கடை வாசலில் வந்து நின்று அழுவார்களாம். அவர் வண்டவாளம் எனக்குத் தெரியாதா?

எங்கள் ஒரே மகள் நேற்று ராத்திரி வேலைக்காகத் தனியாக விமானம் ஏறினாள். எப்போது போய் இறங்குவாள் என்று கேட்டேன். பதினாறு மணி நேரப் பயணம், நம் நேரத்துக்குச் சாயங்காலம் நாலு மணி ஆகும் என்றார். திரும்பி வரும்போது பதினான்குதானாம். தூரம் ஒன்றுதான், காற்று எதிரே அடித்தால் நேரம் கூடும் என்று விளக்கம் வேறு. கடையில் பாடும் அதே பாட்டு. நான் மனதுக்குள் இரண்டைக் கழித்துக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு அவள் பேசவில்லை. இரண்டரைக்கும் பேசவில்லை. அவள் எண்ணுக்கு அடித்தால், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தக் குரலை அறையலாம் போலிருந்தது. விமானம் போகிற படத்தை அவர் என் போனில் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். நடுக்கடலுக்கு மேலே அது நின்ற இடத்திலேயே நின்றது. மூன்று மணிக்கு மகளின் அறைக்குப் போய், துவைக்கப் போட்டிருந்த அவள் சட்டையை எடுத்தேன். இதை இனித் துவைக்கக் கூடாது என்று தோன்றியது. சீ, என்ன புத்தி இது என்று என்னையே திட்டிக்கொண்டேன். சட்டையை மட்டும் கீழே வைக்கவில்லை.

கடைக்கு அடித்துக் கத்தினேன். போட்டது போட்டபடி ஓடி வந்தார். என் கணக்கைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நம்ம பொண்ணு விஷயத்துல உன்கிட்ட கூட்டிச் சொல்வேனா? நாலு மணிதான். இன்னும் அரை மணி நேரம் இருக்கு. கடலுக்கு மேல சிக்னல் கிடைக்காது, அதான் படம் நகரல."

போன உயிர் திரும்பி வந்தது. அவரைத் திட்டித் தீர்த்தேன். பிறகு சிரித்துக்கொண்டே தேநீர் போட்டேன்.

நாலு அடித்தது. நாலரையும் ஆனது. படத்தில் விமானம் நகரவில்லை. அவர் விமானக் கம்பெனிக்கு அடித்துப் பேசினார். விசாரித்துச் சொல்கிறோம் என்றார்களாம். போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் டம்ளரில் தேநீர் ஏடு கட்டியிருந்தது.

"ஏங்க, உண்மையச் சொல்லுங்க. எப்ப இறங்கும்?"

அவர் திரும்பினார். கடையில் பேசும் அந்த நிதானமான குரல் வந்தது.

"எதிர்காத்து பலமா இருக்கும். இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்."

அந்த இரண்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

"சரிங்க" என்றேன். இந்த முறை நான் எதையும் கழிக்கவில்லை. சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஆறரை மணி ஆகட்டும் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.