எடைக்கு எடை அண்டிப்பருப்பு

மெலிவதற்காக ஒரு மனிதர் முந்திரிப்பருப்பு தின்பதை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் அடுக்களை சன்னல் வழியாகத்தான். வேண்டுமென்று பார்க்கவில்லை. எங்கள் சன்னல் அந்தப் பக்கம் திறக்கிறது, அடுத்த வீட்டுக் கருணாகரன் சாயா குடிக்க உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி இந்தப் பக்கம் கிடக்கிறது. இதில் என் குற்றம் என்ன? அவர் மடியில் ஒரு கண்ணாடிக் குப்பி இருந்தது. பாதாம், அக்ரூட், நாங்கள் அண்டிப்பருப்பு என்று சொல்லும் முந்திரி எல்லாம் கலந்து ஒரு பிடி அள்ளி, மாத்திரை விழுங்குகிற பவ்யத்தோடு வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். அவர் மனைவி ஸ்ரீகுமாரி பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எட்டி ஸ்ரீகுமாரி, டாக்டரு இவர மெலியச் சொன்னாரா, தடிக்கச் சொன்னாரா?" மதிலுக்கு மேலாகக் கேட்டேன்.

"தீபு சொல்லிக்குடுத்தது ஆக்கும் எக்கா. பழம்பொரி, வடை எல்லாம் நிப்பாட்டிட்டு ஒரு பிடி நட்ஸ் தின்னா பசிக்காதாம். வெயிட்டு தன்னால கொறயுமாம்."

தீபு அவர்களுடைய ஒரே மகன். பெங்களூரில் இருந்துகொண்டு போனில் அப்பாவுக்கு வைத்தியம் பார்க்கிறவன்.

கருணாகரன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலை நேரத்துக் கூட்டத்தில் அவர் டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்தால் இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு வழிவிடுவார்கள். ஆட்டோவில் அவர் ஏறிவிட்டால் பக்கத்தில் ஒரு பச்சைக்குழந்தைக்குத்தான் இடம் மிஞ்சும். போன வருடம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஐசியூ வாசலில் நின்று ஸ்ரீகுமாரி தேவிக்கு ஒரு துலாபாரம் நேர்ந்துகொண்டாள். ஆள் உயிரோடு வந்தால், தராசின் ஒரு தட்டில் அவரை உட்காரவைத்து மறுதட்டில் எடைக்கு எடை அண்டிப்பருப்பு கொட்டிக் கோவிலுக்குக் கொடுப்பது. வாழைப்பழம் என்று நேர்ந்திருக்கலாம், சர்க்கரை என்று நேர்ந்திருக்கலாம். பதற்றத்தில் அவள் வாயில் வந்தது அண்டிப்பருப்பு. அதுவும் இந்த உடம்புக்கு! நான் அவளுக்குத் துணையாகப் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் கர்த்தரிடம் எடை எதுவும் பேசாமல் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆள் பிழைத்து வந்தார். உடம்பைக் குறைக்கவில்லையென்றால் அடுத்த தடவை கஷ்டம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதில் கருணாகரன் ஒரு சௌகரியத்தைக் கண்டுபிடித்தார்.

"கொறஞ்சிட்டு ஏறுனா தேவிக்கும் சுகம், தராசுக்கும் சுகம்."

"தேவிக்கு ஹாஃப் டிக்கெட்டு கிழிக்கப் பாக்குதியளா?" என்று ஸ்ரீகுமாரி போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. பிழைக்கவைத்த தெய்வத்தை ஏமாற்றினால் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்பது அவளுடைய பயம். பூஜை அறையில் பெரிய தகர டிரம் ஒன்று வைத்து, கை வசதிப்படும்போதெல்லாம் பருப்பு வாங்கி நிறைத்துக்கொண்டே வந்தாள். போன வருடத்துக் கருணாகரனின் எடைக்குப் போதுமான டிரம் அது.

இதற்கிடையே நான் இன்னொன்றைக் கவனித்தேன். அவர் ஒரு பிடி தின்று முடித்ததும் அவள் வேறு ஏதாவது பேசிக்கொண்டே இன்னொரு பிடியை அவர் கையில் வைப்பாள். போனைப் பார்த்தபடி அவரும் அதைத் தின்றுவிடுவார். அவர் உள்ளே போன சமயம் பார்த்துக் குப்பியை விளிம்பு வரை நிறைத்து வைப்பாள். எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒரே குப்பி, புருஷன் மெலிவதற்காகத் தின்கிறான், பெண்டாட்டி தடிப்பதற்காகத் தீற்றுகிறாள். இப்படி ஒன்றை மனதுக்குள்ளேயே வைத்திருக்க என்னால் முடியுமா? சர்ச்சில் பெண்கள் கூட்டத்தில் சொன்னேன், அமரவிளைச் சந்தையில் மீன் வாங்கும்போது சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். கருணாகரன் சீக்கிரமே தராசை முறித்துவிடுவார் என்று நான்தான் சொன்னேன்.

ஆனால் அவர் மெலிந்தார். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கும்போது முகம் ஒடுங்கியிருந்தது, ஓணம் வரும்போது கழுத்து என்று ஒன்று வெளியே வந்திருந்தது. சிரித்தவர்களெல்லாம் இப்போது எந்தக் கடையில் நட்ஸ் வாங்கினார் என்று என்னிடமே விசாரித்தார்கள். நானும் எங்கள் வீட்டுக்காரர் சத்தியராஜுக்கு எங்கள் வசதிக்கு ஏற்றபடி கப்பலண்டி, அதாவது வறுத்த நிலக்கடலை, தினம் ஒரு பிடி கொடுத்துப் பார்த்தேன். அவருக்கு இரண்டு சட்டைகளின் பித்தான்கள் தெறித்ததுதான் மிச்சம்.

"ஒனக்க திட்டம் நடக்கல்ல பிள்ளே, தேவிக்கு ஹாஃப் டிக்கெட்டுதான்" என்றேன் ஒருநாள். ஸ்ரீகுமாரி சிரிக்கவில்லை. கறிக்கு மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எக்கா, ரெண்டு பிடி மூணு பிடி தின்னுதாரு. ஓணத்துக்குப் பாயசமும் குடிச்சாரு. நீங்க சன்னல் வழியா பாத்தியள்லா?"

"பாக்காம? பாத்தேன்."

"பின்ன தின்னதெல்லாம் எங்க போகுது?"

நான் அதை நட்ஸின் குணம் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல? அவர் ஒவ்வொரு பருப்பையும் வாயில் போடுவதைப் பார்த்தவள் நான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டலாம் என்று அவள் கெஞ்சினால் கருணாகரன் பிடிகொடுக்கமாட்டார். "டாக்டரு கொறைக்கச் சொன்னாரு, கொறச்சாச்சு. இனி கொறஞ்சதுக்கு வேற மருந்தா? மொதல்ல துலாபாரம் கழியட்டு. பொறவு நீ சொல்லுத எடத்துக்கு வாறேன்." மெலிந்ததில் அவருக்கு அவ்வளவு பெருமை. பழைய சட்டைகளையே போட்டுக்கொண்டு நடந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கினால்தானே நாலு பேர் நிறுத்திக் கேட்பார்கள். ஆகவே, ஸ்ரீகுமாரி அடுத்த வெள்ளிக்கிழமைக்கே கோவிலில் சொல்லிவைத்துவிட்டாள்.

நானும் போனேன். கோவிலுக்குள் போகக்கூடாது என்று எங்கள் சர்ச் ஐயர் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார், வெளியே நின்று பார்க்கக்கூடாது என்று சொன்னதாக நினைவில்லை. துலாபாரத் தராசு முன்பந்தலில்தான் தொங்குகிறது, ரோட்டோரத்தில் நின்றாலே நன்றாகத் தெரியும். டிரம்மை இரண்டு பேர் பிடித்து ஆட்டோவிலிருந்து இறக்கி, தராசுக்குப் பக்கத்தில் கொண்டு வைத்தார்கள். கருணாகரன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்துக் கோவில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நடைவாசலில் நின்று அவரும் ஒவ்வொரு பித்தானாகக் கழற்றினார்.

கர்த்தாவே, என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. இத்தனை மாதமும் நான் பார்த்துக்கொண்டிருந்தது சட்டையைத்தான். உள்ளே இருந்த ஆளையல்ல. கழுத்தெலும்புக்கு மேலே இரண்டு குழிகள், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். கைகள் தோளிலிருந்து வெறுமனே தொங்கின. நெஞ்சிலிருந்தும் வயிற்றிலிருந்தும் தோல் மட்டும் மடிப்பு மடிப்பாக இறங்கி, வேட்டிக்கட்டின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நின்று யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்த பெண் பாதியில் நிறுத்திவிட்டாள். ஸ்ரீகுமாரி மட்டும் திடுக்கிடவில்லை. அவள் குனிந்து, டிரம்மின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"சங்கிலி பொட்டி அறுந்துராம பாத்துக்கோணும் போற்றியே" என்று பூசாரியிடம் கிண்டல் பண்ணிக்கொண்டே கருணாகரன் தட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மறுதட்டில் பருப்பு விழ ஆரம்பித்தது. ஓலைக் கூடையான கடவத்தால் அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். டிரம் பாதிகூடக் குறையவில்லை. அதற்குள் கருணாகரனின் தட்டு அசைந்து, தரையை விட்டு மெல்ல எழும்பி நின்றது.

"மதி, மதி. சமமாயி" என்று, போதும் எனக் கையைக் காட்டினார் போற்றி.

"ஸ்ரீகுமாரிக்கு லாபமாக்கும்!" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். ஒருவர் இருவர் சிரிக்கத் தொடங்கி, டிரம்மைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், சிரிப்பு நின்றுவிட்டது.

ஸ்ரீகுமாரி கடவத்தைத் தானே வாங்கினாள். டிரம்மில் விட்டு அள்ளித் தட்டில் கொட்டினாள். போற்றி கையை நீட்டித் தடுத்தார், அவர் கையின் மேலேயே கொட்டினாள். மறுபடியும் அள்ளினாள். கருணாகரனின் தட்டு இடுப்பு உயரத்துக்கு ஏறியது.

"எடீ, மதி" என்றார் அவர், இன்னும் சிரித்தபடி.

"இது இல்ல தீபுக்க அச்சனுக்க வெயிட்டு." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தாள். "நான் தேவியிட்ட கேட்டது இந்த ஆள இல்ல. முழு ஆளையும் கேட்டேன்."

யாராவது அவளைப் பிடித்திருக்கலாம். ஒருவரும் அசையவில்லை. ஊரில் எல்லார் காரியத்திலும் தலையிடுகிற நானும் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பருப்புத் தட்டு தரையில் போய் இடித்தது. அதற்கு மேலும் அவள் கொட்டினாள். வெள்ளைப் பருப்பு விளிம்பு தாண்டி வழிந்து மணலில் சிதறியது. அந்தப் பக்கம் அவர் பந்தலின் தோரணம் தலையில் தட்டும் உயரத்தில், இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கீழே பார்த்தபோதுதான் அவருடைய சிரிப்பு போயிற்று. எதிரே குவியல் வளர்ந்துகொண்டே வந்தது, பெரிய வயிறும் அகன்ற தோளுமாக ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது போல. கருணாகரன் கண்ணெடுக்காமல் அதையே பார்த்தார். பிறகு ஒரு கையைச் சங்கிலியிலிருந்து எடுத்து, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தூங்குகிறவரை இறங்கும் இடம் வந்துவிட்டது என்று தொட்டு எழுப்புவது போல, தன் தோளை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.