பதினெட்டு மணிச்சத்தம்

அந்த நாட்டுக்குக் கொடி இருந்தது, பாட்டு இருந்தது, தபால்தலையில் போட ஒரு பறவைகூட இருந்தது. நாவல்தான் இல்லை. விடுதலை கிடைத்து ஐம்பது வருஷம் நெருங்கும்போதுதான் யாரோ ஒரு மந்திரிக்கு அது உறைத்தது. வெளிநாட்டு விருந்தாளி வந்தால், ‘எங்கள் நாட்டின் ஆன்மா இதுதான், எடுத்துக்கொண்டு போங்கள்’ என்று கையில் கொடுக்க ஒரு புத்தகம் வேண்டாமா? உடனே ஒரு கழகம் அமைத்தார்கள். அதற்கு ஒரு தலைவரைப் போட்டார்கள், தலைவருக்கு ஒரு கார் கொடுத்தார்கள். ஆன்மாவைத் தேடும் வேலை ஜாம்ஜாமென்று ஆரம்பமாயிற்று.

அந்த ஆன்மா தன் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் எழுத்தாளர். சொல்வதற்கு என்ன, வாய் அவருடையது. கேட்கும் காதுதான் பாவம், அது தட்டச்சுக்காரியுடையது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு கப்பல் கம்பெனியில் தட்டச்சு வேலை பார்த்தவள். அவளுடைய வேகத்துக்கு அங்கே ஆள் கிடையாது. எழுத்தாளர் அவளைக் கட்டிக்கொள்ளப்போவதே அந்தப் பத்து விரலுக்காகத்தான் என்று, அவர் பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவளுடைய அக்கா சொன்னாள். அக்கா சொல் பலித்தது. வீட்டில் அவர் அவளைக் கூப்பிடுவதே ‘மிஷினு’ என்றுதான். முதல் வருஷம் அது கொஞ்சல் மாதிரி இருந்தது. அப்புறம் பெயராகவே நின்றுவிட்டது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கண் போயிற்று. அதற்கப்புறம் வேலைக்கு ஒரு முறை வைத்தார். ஒரு நாள் காலை அவர் சொல்லச் சொல்ல அவள் கரட்டுப் பிரதி அடிப்பாள். மறுநாள் காலை அதைப் பார்த்து நல்ல பிரதி அடிப்பாள். அவர் பக்கத்து நாற்காலியில் தடியை ஊன்றிக்கொண்டு கேட்டபடி இருப்பார். ஒவ்வொரு வரியும் முடியப்போகும்போது மிஷினில் டிங் என்று மணி அடிக்கும். அவர் அதை எண்ணுவார். நேற்றைக்கு முப்பது மணி என்றால் இன்றைக்கும் முப்பது மணி அடிக்க வேண்டும். ஒன்று குறைந்தால் போச்சு.

“என்ன முழுங்கினே? என் வார்த்தையில கைவைக்க நீ யாருடி?”

அவள் ஒரு நாளும் முழுங்கியதில்லை. வரியின் கடைசிச் சொல் நீளமாக இருந்து அடுத்த வரிக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். அதைச் சொன்னாலும் திட்டு, சொல்லாவிட்டாலும் திட்டு.

நாவல் நானூறு பக்கம் தாண்டியிருந்தது. நாட்டு விடுதலைக்காகத் துண்டறிக்கை எழுதும் ஒருவன், அவன் பெண்டாட்டி, அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. ஒரு நாள் காலை அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். குழந்தைக்குக் காய்ச்சல். கணவன் நாட்டுக்காக எழுதிக்கொண்டிருக்கிறான். தாய் குழந்தை பக்கத்திலேயே படுத்துக் குறட்டை விட்டுத் தூங்கிப்போகிறாள். எழுந்து பார்த்தால் குழந்தை இல்லை, போய்விட்டது. ‘நாடு தூங்கியது, அதன் பிள்ளை செத்தது’ என்று முடித்தார். பதினெட்டு மணி.

தட்டச்சுக்காரியின் விரல் அடித்து முடித்துவிட்டது. அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“என்னங்க, இது வேண்டாம்.”

“எது?”

“இந்தக் குழந்தை. நான் தூங்கலீங்க.”

“உன்னைப் பத்தி யாருடி எழுதினா? இது நாடு. உனக்கு எல்லாமே உன் அடுப்படிதான்.”

“நான் தூங்கலை. உங்களுக்குத் தெரியும்.”

“அம்பது பேர் படிச்சா அம்பது பேரும் அழுவான், போ. காபியைப் போடு.”

அவருக்குத் தெரியும். தெரியாமல் என்ன? முப்பது வருஷத்துக்கு முன்னால், வேறொரு ஊரில், ஒரு பகல் வேளை. அப்போது அவருக்குக் கண் நன்றாகவே தெரியும். எழுத உட்காரும்போது தெருக்கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். யாரும் வந்து தொல்லை பண்ணக் கூடாதாம். அப்புறம் அறைக்கதவையும் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். பெண் குழந்தை, ஆறு வயசு. காலையில் வந்த காய்ச்சல் பதினோரு மணிக்கு வலிப்பாக மாறிற்று. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்கதவைத் தட்டினாள். “சாவியைக் கொடுங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறேன்” என்று கத்தினாள். உள்ளேயிருந்து பதில் வந்தது.

“இன்னும் ரெண்டு பக்கம்.”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினாள். வேலை நாள், உச்சி வெயில், தெருவில் ஈ காக்கை இல்லை. ஒரு மணிக்கு அவர் கதவைத் திறந்தார். அப்போது சாவிக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. அந்த மாசமே ஊரைக் காலி செய்தார்கள். குழந்தையின் படம் ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். இருந்தால் எழுத ஓடாதாம். இந்த ஊரில் அவர்களைப் பிள்ளை இல்லாதவர்கள் என்றுதான் எல்லாருக்கும் தெரியும்.

அவர் அந்தக் காட்சியைச் சொன்ன அன்று பூராவும் அவள் பாத்திரம் தேய்த்தாள், துணி துவைத்தாள், மனசுக்குள் எழுதினாள். மறுநாள் காலை நல்ல பிரதிக்குத் தாளைச் செருகினாள். கரட்டுப் பிரதி பக்கத்தில் இருந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை. பூட்டிய தெருக்கதவை அடித்தாள். சட்டைப்பைச் சாவியை அடித்தாள். ‘இன்னும் ரெண்டு பக்கம்’ என்ற பதிலை அடித்தாள். கதையில் வரும் துண்டறிக்கைக்காரன்தான் கதவைத் தாழ்போட்டான், தாய்தான் தட்டினாள். எங்கே வரி நீள்கிறதோ அங்கே வெட்டினாள், எங்கே குறைகிறதோ அங்கே இழுத்தாள். ஒவ்வொரு டிங்குக்கும் அவர் தடி தரையில் மெல்லத் தட்டியது. பதினெட்டு.

“படி பார்ப்போம்” என்றார்.

கரட்டுப் பிரதியை எடுத்து அவர் சொன்னதை அப்படியே படித்தாள். குரல் பிசகவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அச்சுக்கூடத்திலிருந்து பிழை பார்க்கத் தாள் வந்தபோதும் அதேதான். பிழை பார்ப்பதும் அவள்தானே, வேறு யார் இருக்கிறார்கள்?

அவள் கேட்டது பெரிய நியாயம் ஒன்றுமில்லை. நாடு படித்தால் என்ன, படிக்காவிட்டால் என்ன. என்றைக்காவது ஒரு நாள், பத்துப் பேர் நடுவில், அந்தப் பதினெட்டு வரியும் இந்த மனுஷன் காதில் விழ வேண்டும். விழும்போது அவர் முகத்தை அவள் பார்க்க வேண்டும். அது போதும்.

புத்தகம் வந்தது. வந்த மூன்றாம் வாரம் அச்சுக்கூடக்காரர் தொலைபேசியில் கூத்தாடினார்.

“சார்! கழகத்துல உங்க நாவல்தான்னு முடிவாயிடுச்சு! அந்தக் குழந்தை சாகற பக்கம் இருக்கு பாருங்க, தலைவர் கண்ணு கலங்கிட்டாராம். எப்படி சார் எழுதினீங்க?”

“அது தானா வந்ததுய்யா” என்றார் எழுத்தாளர். தலைகால் புரியவில்லை அவருக்கு. தட்டச்சுக்காரி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

விழா ஒரு பெரிய மண்டபத்தில், மத்தியானம் மூன்று மணிக்கு. எழுத்தாளர் மேடையில், பூப்போட்ட நாற்காலியில். தட்டச்சுக்காரி முன்வரிசையில், அவர் முகத்துக்கு நேர் எதிரே. மந்திரி பேசினார், தலைவர் பேசினார், இன்னும் நாலு பேர் பேசினார்கள். ஒருவர்கூடச் சுருக்கமாகப் பேசவில்லை. கடைசியில், வானொலியில் செய்தி வாசிக்கும் ஒரு பெண்மணி புத்தகத்தைத் திறந்தாள். கழகம் தேர்ந்தெடுத்த பக்கத்தை வாசிப்பதாகச் சொன்னாள்.

தட்டச்சுக்காரி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“அவன் தெருக்கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்” என்று ஆரம்பித்தாள் செய்தி வாசிப்பவள்.

எழுத்தாளரின் தலை சட்டென்று நிமிர்ந்தது. தடியைப் பிடித்திருந்த கை வெளுத்தது. மூன்றாம் வரியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தாய் கதவைத் தட்டும் வரி வந்தபோது அவர் முகம் நிஜமாகவே வயசான மனுஷனின் முகம் ஆயிற்று. அவள் பார்த்தாள். கண் கொட்டாமல் பார்த்தாள். ‘கேளு, நல்லாக் கேளு’ என்று மனசுக்குள் சொன்னாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு முழுசாக உள்ளே போயிற்று.

பதினெட்டாம் வரி முடிந்தது. பிறகு ஒருவன் எழுந்து கைதட்டினான். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் எழுந்தது. தலைவர் மூக்கைச் சிந்திக்கொண்டே ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“நாட்டைப் பத்தி எழுதிக்கிட்டே வீட்டைச் சாகவிட்டவன்! நாம எல்லாருமே அவன்தான்! தன்னையே கூண்டுல நிறுத்த எவனுக்கு இந்தத் துணிச்சல் வரும்?”

கைதட்டல் சத்தம் எழுத்தாளரின் காதில் விழுந்தது. அந்த முகத்தில் வயசு மறைவதை அவள் பார்த்தாள். முதுகு நிமிர்ந்தது. கன்னத்தில் கொஞ்சம் இரத்தம் ஏறியது. தடியை ஊன்றி மெதுவாக எழுந்து நின்றார்.

“இந்தப் பக்கத்தை எழுதறப்போ என் கை நடுங்கிச்சு” என்றார்.

எந்தக் கை என்று யார் கேட்பது?

பத்திரிகைக்காரன் ஒருவன் எழுந்தான். “சார், இது உங்க வாழ்க்கையில நடந்ததா?”

எழுத்தாளர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“எங்களுக்குக் குழந்தையே கிடையாதுப்பா. இது சுத்தமான கற்பனை. அந்தக் குழந்தைதான் நாடு.”

தட்டச்சுக்காரி எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. எழுத்தாளரின் மனைவி பேசப்போகிறார் என்று நினைத்து யாரோ ஓடிவந்து ஒலிபெருக்கியை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். இத்தனை பேர் முன்னால் அவள் பேசியதே இல்லை.

“இருந்தா” என்றாள். “குழந்தை இருந்தா. ஆறு வயசு. முன்னால ரெண்டு பல்லு விழுந்திருந்துச்சு. நான் தூங்கலை. கதவைத் தட்டினேன். சாவி இவர் பையிலதான் இருந்துச்சு.”

செய்தி வாசிப்பவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடையிலிருந்து எழுத்தாளர் அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார். மெல்லச் சிரித்தார், அன்பான சிரிப்பு.

“பாருங்க. எட்டு வருஷம் என்கூட உட்கார்ந்து அடிச்சு அடிச்சு, இவளுக்கே அது பெத்த பிள்ளையா ஆயிடுச்சு.”

அதற்கு விழுந்த கைதட்டல்தான் அன்றைக்கு விழுந்ததிலேயே பெரியது. முன்வரிசைப் பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். “பெறாத வயித்தையே பெத்த வயிறா மாத்தின எழுத்து!” என்று தலைவர் கத்தினார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுவே தலைப்பாக வந்தது. அவள் இன்னும் ஏதோ சொன்னாள். சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எழுத்தாளர் வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மிஷினு, வா.”

வந்து உட்கார்ந்தாள். அடிப்பார் என்றுதான் நினைத்தாள். அடித்திருந்தால் தேவலை.

“சரியா பதினெட்டு மணி. கெட்டிக்காரிதான் நீ” என்றார். குரலில் கோபமே இல்லை. “என்னுதைவிட உன்னுதுதான் நல்லா இருந்துச்சு. எனக்கு அந்தப் பல்லு விழுந்தது ஞாபகமே இல்லை பாரு. அடுத்த புத்தகத்துக்கு ஆகும். வேற என்ன பண்ணுவா அவ? என்ன பேசுவா? சொல்லு.”

எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தாள். கால்கூட நாற்காலியை விட்டு நகர்ந்தது. ஆனால் முப்பது வருஷத்தில் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு மனுஷப்பிறவி அவளிடம் கேட்டது இதுதான் முதல் தடவை.

“செருப்பை மாத்தி மாத்திப் போட்டுப்பா” என்றாள் தட்டச்சுக்காரி. “எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டா.”

“அடி அதை” என்றார் அவர். அவள் தாளைச் செருகினாள். கொஞ்ச நேரத்தில் முதல் மணி அடித்தது.