சாப்பாட்டு அறைக்கு ஆறு ஜன்னல்

அப்பாவு கங்காணிக்கு வீடு கட்டும் ஆசை வந்ததற்குக் காரணம் ரப்பர் விலை. அந்த வீடு கட்டி முடிய அவ்வளவு காலம் ஆனதற்குக் காரணம் ஒரு வாய் காப்பி.

தோட்டத்தில் ஆள் மேய்த்துக்கொண்டிருந்த அப்பாவு, சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் மரமும் வாங்கி, விலை ஏறிய நேரத்தில் நிமிர்ந்துவிட்டார். பட்டணத்தை ஒட்டிய புந்தோங்கில் மனை வாங்கினார். பிளான் இல்லாமல் ஈப்போ பட்டணத்தில் ஒரு கல்லைத் தூக்கி வைக்க முடியாது என்பதால் பஞ்சலிங்கத்தைப் பிடித்தார். பஞ்சலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். தைப்பிங்கில் அரசாங்கத்துக்குக் கட்டடப் படம் வரைந்துகொண்டிருந்துவிட்டு, ஈப்போவில் ஆர்க்கிடெக்ட் என்று பலகை மாட்டியிருந்தார். கோட்டு, குடை, நெற்றி நிறையத் திருநீறு. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

அவர் பேச வருகிறார் என்று அப்பாவு தன் பழைய பலகை வீட்டில் இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டார். ஒன்றில் பஞ்சலிங்கம் உட்கார்ந்தார். மற்றது சும்மா கிடந்தது. துரைமார் முன்னால் நின்றே பழகிய அப்பாவுக்கு, படித்தவர் எதிரில் முட்டி மடங்கவில்லை. பஞ்சலிங்கமும் உட்காரச் சொல்லவில்லை.

அப்பாவுவின் மனைவி முத்தம்மா காப்பி கொண்டு வந்தாள்.

"வேண்டாம். வரேக்கை குடிச்சிட்டுத்தான் வந்தனான்," என்றார் பஞ்சலிங்கம். "உமக்கு எத்தினை அறை வேணும், கங்காணி?"

அறைகளைப் பற்றிப் பேசினார்கள். காப்பியில் ஆடை கட்டியது.

அடுத்த தடவையும் அவர் குடித்துவிட்டுத்தான் வந்தார். அதற்கடுத்த தடவை வயிறு சரியில்லை. அப்புறம் விரதம். அப்பாவு ஒன்றும் விவரம் தெரியாதவர் அல்ல. தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த கூலிக்காரன் வீட்டில் பஞ்சலிங்கத்தைப் போன்றவர்கள் கை நனைப்பதில்லை என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. இந்த மனிதர் பிளான் போட்டுக் கொடுத்த வீட்டில் இந்த மனிதரே ஒரு வாய் குடிக்க வேண்டும். குடித்தால்தான் அது வீடு. இல்லாவிட்டால் அது கல்லில் கட்டிய, கூலிகள் அடைந்துகிடக்கும் தோட்டத்து லயம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

அதனால் பிளானை மாற்றிக்கொண்டே இருந்தார். மாற்றினால் பஞ்சலிங்கம் வந்தாக வேண்டும். வந்தால் காப்பி நீட்டலாம்.

"ஐயா, சாப்பாட்டு ரூமுல இன்னொரு ஜன்னல் வைக்கலாமுங்களா?"

"போன கிழமைதானே ஒண்டு கூட்டினனாங்கள்?"

"காத்து பத்தலைங்க."

பஞ்சலிங்கம் பென்சிலைக் கீழே வைத்தார். "வீடு இன்னும் கட்டவேயில்லை. காத்து பத்தேல்லை எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

அப்பாவு காப்பிக்குக் குரல் கொடுத்தார்.

பஞ்சலிங்கம் கெட்டவரும் இல்லை. யாரும் கேட்காமலே முத்தம்மாவின் அடுப்படிக்குப் புகைபோக்கி வரைந்திருந்தார். புகை அவளுடைய கண்ணுக்கு ஆகாது என்றார். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது தூங்கியிருக்கலாம் என்று அப்பாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

சுவர் எழும்பிய சமயம் ஒரு மத்தியானம் மனைப் பக்கம் போன அப்பாவு, கண்ணால் கண்டதை நம்ப முடியாமல் நின்றார். தச்சு வேலை பார்த்த சீனன் ஆ செங் தகர மங்குக் குவளையில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க, பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து பஞ்சலிங்கம் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

அப்பாவு வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கினார். "சீனன் கையால வாங்கிக் குடிக்கிறாரு!"

"தண்ணி எங்க எடுத்தான்?" என்றாள் முத்தம்மா.

"நம்ம கெணத்துலதான்."

"அப்ப தண்ணி மேல கோவமில்ல. கை மேலதான்லா. விடுங்க, நான் பாத்துக்கிறேன்."

புது வீட்டில் பால் காய்ச்சும் அன்று பஞ்சலிங்கம் கற்கண்டும் சாமி படமும் கொண்டு நேரத்துக்கு வந்தார். சாப்பாட்டு அறையில் ஆறு ஜன்னலும் திறந்து கிடந்தன. நடு நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். தோட்டத்து உறவுக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள். புதுச் சட்டை போட்ட ஆ செங் ஒரு கோப்பைக் காப்பியுடன் அடுப்படியிலிருந்து வந்தான்.

பஞ்சலிங்கம் வாங்கினார். குடித்தார். கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"நல்ல கோப்பி," என்றார்.

முத்தம்மா அடுப்படி வாசலில் நின்று புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். அப்பாவு சந்தோஷம் வரட்டும் என்று காத்திருந்தார். அது வரவில்லை. வெட்கம்தான் வந்தது. சொந்த வீட்டில், சொந்தக் காப்பியைத் திருட்டுச் சரக்கு மாதிரி அல்லவா கொடுத்திருக்கிறோம்? வெட்கத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய், தன் கையால் இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"ஐயா, முன்ன குடிச்சதும் என் பொஞ்சாதி போட்ட காப்பிதான். சீனன் தூக்கிட்டு மட்டும்தான் வந்தான். ஒங்ககிட்ட அப்படி மறைச்சது எங்க தப்பு. இது நானே கொண்டாந்தது. இதத் தெரிஞ்சு குடிங்க."

 பஞ்சலிங்கத்தின் முகம் கறுத்தது. கோப்பையைப் பார்த்தார். சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தார். அவர் கை மேசையின் மேல் கொஞ்ச தூரம் நகர்ந்து வந்தது. கோப்பைக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டது.

"இப்பத்தானே குடிச்சனான், கங்காணி," என்றார்.

எத்தனையோ தடவை சொன்ன அந்தச் சாக்கு அன்றைக்குத்தான் உண்மையாக இருந்தது.

அப்பாவு தலையாட்டினார். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முட்டி நன்றாகவே மடங்கியது. கோப்பையைத் தன் பக்கம் நகர்த்தி, அவசரமில்லாமல் ஊதிக் குடிக்க ஆரம்பித்தார். பஞ்சலிங்கம் எழுந்து குடையைத் தேடினார். அதை எந்த ஜன்னலோரம் வைத்தோம் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"ஒக்காருங்க ஐயா," என்றார் அப்பாவு, உட்கார்ந்தபடியே. "என்ன அவசரம்? காத்து நல்லா வருது."