சாணி வாயு ட்ரொலி

சண்டையால் யாழ்தேவி ரயில் நின்று ஒரு வருசமாகிவிட்டது. தண்டவாளம் மட்டும் சும்மா வெயிலில் கிடந்தது. அதன்மேல் பலகை ட்ரொலி ஒன்றை வைத்து, தண்ணீர்ப்பம்பு எஞ்சினைப் பூட்டி, பனிக்கன்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஆட்களை ஏற்றிப்போனவன் சுடலைமுத்து. எரிப்பது மண்ணெண்ணெய். அப்பப்பா, அந்தப் புகை! ஏறினவன் இறங்கும்போது அடுப்புக்குள்ளிருந்து வந்தவன் மாதிரி இருப்பான்.

அவன் மனைவி பேச்சியம்மாவுக்கு அந்தப் புகைதான் எமன். இழுப்புக்காரி. போன முறை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனபோது பாதி வழியிலேயே கண் செருகிவிட்டது. அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாணியைக் குழியில் கரைத்து மூடி, கிளம்பிய வாயுவை உழவு இயந்திர டயர் டியூப்களில் பிடித்து, ட்ரொலியில் கட்டி, எஞ்சினுக்குக் குழாய் கொடுத்தான். ஊரே சிரித்தது. எஞ்சின் ஓடியது, புகையே இல்லாமல்!

இன்று காலை அவளுக்கு மறுபடி இழுப்பு. ஆசுபத்திரிக்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். கூட ஏறிவந்த ஊர்ப் பெரியவர் ஐயாத்துரை மடியிலிருந்து பீடியை எடுத்ததுதான் தாமதம், சுடலைமுத்து பாய்ந்து விழுந்தான்.

"ஐயா, நெருப்புக் காட்டினா எல்லாரும் மேல போயிருவோம்! தூக்கி எறிங்க!"

"எறிஞ்சிட்டன், கத்தாதையும் தம்பி," என்றார் அவர்.

முறிகண்டி வந்தது. பிள்ளையாரைக் கும்பிடாமல் அந்த வழியால் ஒரு வாகனமும் போகாது. பேச்சியம்மாவை இறக்கிக் கோயில் பக்கம் இருத்தினான். அவள் மூச்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. அப்பனே, இன்றைக்குக் கைவிட்டுவிடாதே என்று, மண்ணெண்ணெயில் ஓடின காலத்து வழக்கப்படியே எஞ்சினுக்கு முன்னால் பலகையில் கற்பூரத்தைக் கொளுத்தினான். பீடிதான் நெருப்பு; பிள்ளையாருக்குக் காட்டும் கற்பூரத்தை அவன் நெருப்பென்றே நினைக்கவில்லை.

குழாயில் கசிந்த வாயு குபீரென்று பற்றியது. எரிந்த டியூப்களை இருவரும் காலால் உதைத்து மணலில் தள்ளினார்கள். ட்ரொலி தப்பியது. வாயு போய்விட்டது.

"மண்ணெண்ணெய் கான் கிடக்குதெல்லே?" என்றார் ஐயாத்துரை.

சுடலைமுத்து மனைவியைப் பார்த்தான். "அத ஊத்தினா இவ உயிரோட ஆசுபத்திரி போய்ச் சேரமாட்டா ஐயா."

அவளை ஏற்றிவிட்டுத் தோளைக் கொடுத்துத் தள்ளத் தொடங்கினான். தன் மடத்தனத்தை நினைக்க நினைக்கத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இரும், நானும் வாறன்," என்று ஐயாத்துரை மறுபக்கம் பிடித்தார்.

இரணைமடுச் சந்தி தாண்டும்போது அவனுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. பேச்சியம்மா மெல்லத் திரும்பினாள்.

"இந்தாங்க... இப்ப உங்களுக்குத்தான்... இழுக்குது."

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பேசாம இரு!" என்று அதட்டிவிட்டு, இன்னும் வேகமாகத் தள்ளினான்.